தோட்டத்து ரயில்: வெயிலையும் மழையையும் தாங்கும் பாதை அமைப்பது எப்படி?

“தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்தார்” என்று சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1ஆம் தேதி திறக்கப்பட்டது. அதன் பிறகு வந்த காலத்தில் தண்டவாளம் போடுவதிலும் அதைப் பராமரிப்பதிலும் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் உழைப்பு பெரிது. நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் இலங்கைத் தமிழர் பலர் பணியாற்றினர்.

அந்த ரயில் பாசத்தை வீட்டு வாசலிலேயே தொடர ஒரு வழி உண்டு. அதுதான் தோட்டத்து ரயில். தரைவீட்டின் புல்தரையிலோ, தாமான் வீட்டின் பக்கவாட்டு இடத்திலோ சிறிய தண்டவாளம் போட்டு மாதிரி ரயில் ஓட்டும் பொழுதுபோக்கு இது. அறைக்குள் மேசைமேல் ஓடும் ரயிலுக்கு இல்லாத எதிரிகள் இதற்கு இருக்கின்றன. நம் ஊர் மழையும் வெயிலும்தான் அவை. பெட்டியைத் திறந்து தண்டவாளத்தை நேரே புல்லின் மேல் வைப்பவர்களின் ரயில் சில வாரங்களில் தடம் புரளத் தொடங்கிவிடும். எனவே ரயில் வாங்குவதற்கு முன் பாதையைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

எந்த அளவு?

தோட்டத்து ரயில்களில் பரவலாகப் பயன்படுவது ‘ஜி’ அளவு. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரைச் சேர்ந்த லேமன் நிறுவனம் 1968ல் ‘எல்ஜிபி’ என்ற பெயரில் இதை அறிமுகப்படுத்தியது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் 45 மில்லிமீட்டர். மாதிரியின் விகிதம் 1:22.5. அதாவது, உண்மையான ரயிலின் 22.5 மீட்டர் இங்கே ஒரு மீட்டர்.

மலேசியர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. கேடிஎம் பாதையின் அகலம் 1,000 மில்லிமீட்டர். அதை 22.5ஆல் வகுத்தால் 44.4 வருகிறது. ஆகவே, நம் பெரியவர்கள் ‘கம்பிச் சடக்கு’ என்று சொன்ன அதே மீட்டர் பாதைக்கு இந்த 45 மில்லிமீட்டர் தண்டவாளம் ஏறக்குறையச் சரியான மாதிரி. தஞ்சோங் பகார் நிலையத்திற்கு 2011 ஜூன் 30ஆம் தேதி வரை வந்துபோன ரயில்களும் இந்த மீட்டர் பாதையில்தான் ஓடின. சிங்கப்பூரின் எம்ஆர்டி பாதைகளின் அகலம் 1,435 மில்லிமீட்டர். அதே 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் எம்ஆர்டி மாதிரியை ஓட்ட விரும்பினால் 1:32 விகிதம் பொருந்தும்.

கடைகளில் கிடைக்கும் மாதிரிகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்க ரயில்கள். உள்ளூர் ரயில் வேண்டுமென்றால் பெட்டிகளுக்கு நாமே வண்ணம் பூசிக்கொள்ள வேண்டும், அல்லது புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். 20 மீட்டர் நீளமுள்ள ஒரு பயணிகள் பெட்டியை விகிதம் மாறாமல் செய்தால் அது 89 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அந்த நீளத்திற்கு ஏற்ற வளைவு தோட்டத்தில் உண்டா என்பதை முதலில் அளந்து பாருங்கள்.

வளைவும் ஏற்றமும்

எல்ஜிபியின் மிகச் சிறிய வளைவின் ஆரம் 60 சென்டிமீட்டர். 12 துண்டுகள் சேர்ந்தால் ஒரு வட்டம். இது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகல இடத்தில் அடங்கிவிடும். சிறிய எஞ்சினும் குட்டையான பெட்டிகளும் இதில் ஓடும். நீளமான பெட்டிகளுக்கு 120 சென்டிமீட்டர் ஆரமோ அதற்கு மேலோ தேவை. இடம் இருந்தால் வளைவைப் பெரிதாகவே போடுங்கள். சக்கரத் தேய்மானம் குறையும், தடம் புரள்வதும் குறையும்.

ஏற்றம் 2 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு மீட்டர் தூரத்திற்கு 2 சென்டிமீட்டர் உயரலாம். ஒரு பாதையைப் பாலம் போட்டு மற்றொன்றின் மேல் கொண்டுபோக ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். அந்த உயரத்தை எட்ட 12.5 மீட்டர் நீளப் பாதை தேவை. சிறிய தோட்டத்தில் பாலத்தை மறந்துவிட்டு, சமதளப் பாதையாகவே போடுவது நடைமுறைக்கு ஏற்றது.

அடித்தளமே முக்கியம்

நம் நாடுகளில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதுவும் ஒரே மாலையில் கொட்டித் தீர்க்கும் மழை. ரயில்வேயில் வேலை செய்தவர்களைக் கேட்டால், பாதையைக் கெடுப்பது தேங்கும் தண்ணீர்தான் என்று சொல்வார்கள். தோட்டத்திலும் அதே கதைதான்.

பாதை போகும் வழியை முதலில் கயிறு கட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பலத்த மழை பெய்யும்போது தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதைக் கவனித்து, அந்த இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். பிறகு 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்திற்கு மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். பள்ளத்தில் களை வராமல் தடுக்கும் துணியை விரித்து, அதன்மேல் கருங்கல் ஜல்லியைக் கொட்டி இடித்து இறுக்க வேண்டும். மேற்பரப்பில் 3 முதல் 6 மில்லிமீட்டர் அளவுள்ள உடைகல் போதும். ஆற்றுக் கூழாங்கல் வேண்டாம். வழவழப்பாக இருப்பதால் அது உருண்டு நகர்ந்துவிடும். உடைந்த கல்லின் கூர்முனைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். தண்ணீர் இடையே வடிந்துவிடும்.

முதுகு வளைய முடியாதவர்கள் இடுப்பு உயரத்திற்குத் தூண் நட்டு அதன்மேல் பாதை போடலாம். சாதாரண மரத் தூணைக் கரையான் விட்டுவைக்காது. செங்கல், கான்கிரீட் அல்லது தடித்த பிளாஸ்டிக் குழாய் நல்லது.

வெயிலில் நீளும் பித்தளை

வெளிப்புறத் தண்டவாளம் பெரும்பாலும் பித்தளையால் ஆனது. நண்பகல் வெயிலில் அது தொட முடியாத அளவுக்குச் சூடேறும். வெப்பம் 35 பாகை செல்சியஸ் கூடினால் 10 மீட்டர் பித்தளைத் தண்டவாளம் ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் இல்லையென்றால் பாதை பாம்புபோல் நெளிந்துவிடும்.

எனவே, தண்டவாளத்தைக் கான்கிரீட்டில் திருகாணி போட்டு முடுக்கிவிடாதீர்கள். ஜல்லியின் மேல் அது லேசாக நகரும்படி இருக்கட்டும். காலைக் குளிர்ச்சியில் பாதை போடுவதாக இருந்தால், ஒவ்வோர் இணைப்பிலும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுவையுங்கள்.

மின்சாரமா, பேட்டரியா, நீராவியா?

தண்டவாளம் வழியாக மின்சாரம் அனுப்புவது பழைய முறை. 24 வோல்ட்டுக்குள் உள்ள குறைந்த மின்னழுத்தமே போதும். ஆனால் பித்தளையின் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில் ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தண்டவாளத்தைத் தேய்த்துத் துடைக்க நேரிடும். நீளமான பாதைக்குச் சில மீட்டருக்கு ஓர் இடத்தில் மின்கம்பி இணைப்புக் கொடுக்க வேண்டும். 230 வோல்ட் மின்மாற்றியை ஒருபோதும் மழை படும் இடத்தில் வைக்காதீர்கள். அது வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். இடி மின்னல் தொடங்கினால் பாதைக்குச் செல்லும் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

எஞ்சினிலோ பின்னால் வரும் பெட்டியிலோ பேட்டரி வைத்து ரேடியோ ரிமோட்டில் இயக்குவது இன்னொரு முறை. தண்டவாளத்தில் மின்சாரமே இல்லாததால் தேய்த்துத் துடைக்கும் வேலை பெரிதும் குறையும். நம் பருவநிலைக்கு இது வசதியானது. பேட்டரியை மட்டும் வெயிலில் விட்டுவைக்கக் கூடாது.

உண்மையான நீராவியில் ஓடும் மாதிரி எஞ்சின்களும் உண்டு. பெரும்பாலும் பியூட்டேன் எரிவாயுவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஓட்டுவார்கள். கொதிகலனுக்குள் அழுத்தம் 3 முதல் 4 பார் வரை இருக்கும் என்பதால் இது பெரியவர்களுக்கு மட்டுமே உரியது. எரிவாயு நிரப்பும்போது அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் எரியும் எஞ்சின்களில் கூடுதல் கவனம் தேவை. பட்டப்பகலில் அந்தத் தீச்சுவாலை கண்ணுக்கே தெரியாது.

செடிகளும் கொசுவும்

மாதிரி ரயிலுக்குப் பக்கத்தில் பெரிய இலைச் செடி வைத்தால் ரயில் பொம்மைபோல் தெரியும். சிறு இலைகள் கொண்ட, வெட்ட வெட்டத் தழைக்கும் செடிகளே ஏற்றவை. குட்டை வெட்சியும், கரீபியத் தீவுகளைச் சேர்ந்ததாக இருந்தும் ‘சிங்கப்பூர் ஹோலி’ என்று பெயர் பெற்ற குறுஞ்செடியும் நன்கு பொருந்தும்.

மறக்கக் கூடாத ஒன்று ஏடிஸ் கொசு. குகைப்பாதை, மாதிரிக் கட்டடத்தின் கூரை, பாலத்தின் அடி என்று தண்ணீர் தேங்கும் இடங்கள் தோட்டத்து ரயிலில் பல. கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரமே போதும். ஆகவே வாரம் ஒருமுறை பாதை முழுவதும் நடந்து பார்க்க வேண்டும்.

அப்படி நடக்கும்போதே ஜல்லி சரிந்திருக்கிறதா, இணைப்பு விலகியிருக்கிறதா, இலை தழை கிடக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். அந்தக் காலத்தில் தாத்தாக்கள் சுத்தியலும் கடப்பாரையுமாகப் பாதை நெடுக நடந்து செய்த வேலையும் இதுவே. வீட்டுப் பிள்ளைகளையும் கூட அழைத்துச் செல்லுங்கள். ஒரு தண்டவாளம் நேராக இருப்பதற்கு எத்தனை கைகள் உழைக்க வேண்டும் என்பது அவர்களுக்கும் புரியும்.