கத்தரி ஏன் காட்டுக்குத் திரும்புவதில்லை?

ஆர்.கே.புரத்தில் எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவர், அரசுக் குடியிருப்பின் பின்புறம் கையகல நிலத்தில் கத்தரி, வெண்டை, பீர்க்கு எல்லாம் போட்டிருந்தார். ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். வீடு ஓராண்டு பூட்டிக் கிடந்தது. மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் மூக்கிரட்டையும் அருகும் மண்டிக் கிடக்கிறது, கத்தரி ஒன்றுகூட இல்லை. விதை விழாமலா இருந்திருக்கும்?

கத்தரி நமக்குப் பழைய உறவு. தில்லிக்கு மேற்கே, ஹரியானாவின் பர்மானாவில் கிடைத்த சிந்துவெளிப் பானையில் கத்தரி, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றின் மாவுத்துகள் இருந்ததாக 2010இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதன் காட்டு உறவினன் இன்றும் தென்னாட்டு வேலியோரங்களில் நிற்கிறான். உடம்பெல்லாம் முள், காய் சிறிசு, வாயில் வைத்தால் கசப்பு. முள்ளும் கசப்பும் குறைந்த, காய் பருத்த செடியின் விதையையே முன்னோர் தலைமுறை தலைமுறையாக எடுத்து வைத்தார்கள். நமக்கு ருசி கிடைத்தது. செடிக்குக் கவசம் போயிற்று. இப்போது ஆடு மாடு முதல் புழு வரை அனைவருக்கும் அது விருந்து.

பேய்ப்புடல், பேய்ப்பீர்க்கு, பேய்ச்சுரை என்கிறோமே, அந்தப் 'பேய்' காட்டுக் கசப்புதான். (எங்கள் வீட்டில் கிழங்கு புழங்குவதில்லை, ஆகவே அதைப் பற்றி எழுதவில்லை.) அந்தப் பேய் முழுக்க ஓடிவிடவும் இல்லை. 2010இல் இதே தில்லியில், கசந்த சுரைக்காயும் பாகலும் சேர்ந்த சாற்றைக் குடித்த அறிவியலார் ஒருவர் இறந்துபோனார். காலையில் சுரைச்சாறு குடிப்பவர்கள் முதலில் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் தூர எறியுங்கள்.

விதை சங்கதி இன்னும் விசேஷம். நான் பயறு வியாபாரி, சொல்ல எனக்கு உரிமை உண்டு. காட்டுப் பயறு காய்ந்ததும் நெற்று வெடித்து விதையை எறியும். எல்லா விதையும் ஒரே மழையில் முளைக்காது. சில அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும். நாமோ வெடிக்காத நெற்றாக, ஒன்றாக முளைக்கும் விதையாகப் பொறுக்கினோம். சிந்தினால் எனக்கு நஷ்டம். சிந்தாவிட்டால் செடிக்கு நஷ்டம். ஒன்றாய் முளைத்தவை ஒரு வறட்சியில் ஒன்றாய்ப் போகும். அன்பர் தோட்டத்திலும் இதுதான் நடந்திருக்க வேண்டும். மிதிபாகல் மட்டும் கசப்பை விடவில்லை, வேலியில் தானே படர்கிறது!

இப்போது தமிழ்நாட்டில் சுண்டைச் செடியின் வேரில் கத்தரியை ஒட்டுக் கட்டி நடுகிறார்கள், வாடல் நோயைத் தாங்கும் என்று. நாம் பிடுங்கிப் போட்ட பலத்தை முள்செடியிடமே கேட்டு வாங்குகிறோம். 1976இல் அமைந்த தேசியத் தாவர மரபியல் வளப் பணியகம் இங்கே பூசாவில் இருக்கிறது. பயிர்களோடு அவற்றின் காட்டு உறவுகளின் விதைகளையும் உறைகுளிரில் காக்கிறது. வேலியோரத்தில் நிற்பதை யார் காப்பது? வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊரில் சிறுவயதில் நான் பார்த்த காட்டுக் கத்தரிப் புதர் இருந்த இடத்தில் இன்று மனைக்கல் நட்டிருக்கிறார்கள்.