எல்லைக்கல்லின் ஆறு குழிகள்

இங்கிலாந்து தேசத்து டெர்பிஷயர் மலைப் பிரதேசத்திலே, ஒரு சிற்றூருக்கும் அதன் அண்டை ஊராகிய ஸ்டோனி மிடில்டனுக்கும் நடுவில், புல்வெளியிடையே ஒரு கல் கிடக்கிறது. அதன் தலையில் ஆறு குழிகள் குடையப்பட்டிருக்கின்றன. 1666-ஆம் ஆண்டுக் கோடையில், அக்குழிகளில் காடியை ஊற்றி, காடிக்குள்ளே காசைப் போட்டுவிட்டு இவ்வூரார் விலகிப் போவார்கள். அவர்கள் போனபின் அவ்வூரார் வந்து, காசை எடுத்துக்கொண்டு, கொண்டுவந்த உணவுப் பண்டங்களை வைத்துவிட்டுத் திரும்புவார்கள். கொடுத்தவன் முகத்தை வாங்கினவன் பாராமலும், வாங்கினவனிடம் ஊர்ச் சேதி கேளாமலும் மாதக்கணக்கில் நடந்த வியாபாரம் அது. சிற்றூரின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும், அவ்வூரார் வாயில் அது ‘ஈம்’ என்றே ஒலிக்கிறது. ஈமக்கடன் என்றும் ஈமத்தீ என்றும் சொல்லிப் பழகிய நமக்கு அவ்வொலி சற்றே திடுக்கிடச் செய்கிறது. இரு மொழிகளுக்கும் சம்பந்தமில்லை, வெறும் யதேச்சைதான்.

நோய்க்காக மனிதரை ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு ஈம் ஊரார் கண்டுபிடித்ததன்று. அட்ரியாட்டிக் கடற்கரையிலிருந்த ரகூசா நகரத்தார், 1377-ஆம் ஆண்டிலேயே, கொள்ளைநோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் வெளியே தங்கிய பிற்பாடே நகருள் நுழையலாம் என்று சட்டம் செய்தார்கள். முப்பது பின்னர் நாற்பதாயிற்று. வெனிஸ்காரர் பேச்சில் நாற்பதைக் குறித்த சொல்லே, உலக பாஷைகளில் இவ்வழக்கத்துக்குப் பெயராயும் அமைந்தது. வெனிஸ் நகரத்தார் 1423-இல் ஒரு தீவிலே நோயாளிகளுக்கு விடுதி கட்டினார்கள். 1468-இல், சந்தேகத்துக்குரிய கப்பல்களின் ஆட்களையும் சரக்கையும் நிறுத்தி வைக்க வேறொரு தீவை ஒதுக்கினார்கள். இரண்டாவது தீவின் நீண்ட பண்டசாலைச் சுவர்களில், காத்திருந்தவர்கள் செந்நிறத்தில் எழுதியவை இன்றும் இருக்கின்றன: பெயர்கள், வியாபாரக் குறிகள், எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தோம் என்னும் செய்திகள், சில சித்திரங்கள். நாள் நகராதபோது மனம் ஒரு சுவரைத் தேடுகிறது போலும். நம் சத்திரத்துத் தூண்களில் கரிக்கட்டியால் பெயரெழுதிவிட்டுப் போகும் வழிப்போக்கரை ஏசியிருக்கிறேன். இதை அறிந்தபின் அவர்களை ஏச மனம் வரவில்லை.

கப்பலில் வந்தவனுக்கு நாற்பது நாள் என்பது பிரயாணத்தின் ஒரு பகுதி. சொந்த வீட்டில் இருந்தவனை அதே வீட்டில் வைத்துப் பூட்டியபோதுதான் விஷயம் வேறாயிற்று. 1665-இல் லண்டன் மாநகரில், ஒரு வீட்டில் ஒருவனுக்கு நோய் கண்டால், நோயற்றவர்களையும் சேர்த்து உள்ளே வைத்து வெளியே பூட்டினார்கள். கதவில் ஓரடி நீளச் சிவப்புச் சிலுவை வரைந்து, கடவுளே இரங்கும் என்னும் பொருள்பட ஒரு வாக்கியத்தையும் எழுதி, இரவும் பகலும் காவலாள் நிறுத்தினார்கள். அவ்வாக்கியம் பிரார்த்தனைதான், ஆனால் தெருவில் போகிறவன் அதைப் படித்ததும் மறுபக்கத்துக்கு ஒதுங்கி நடந்தான். கடற்படைக் காரியாலயத்து உத்தியோகஸ்தராயிருந்த சாமுவேல் பீப்ஸ் என்பவர் அக்காலத்து நாட்குறிப்பில் ஒரு சம்பவத்தைக் குறித்திருக்கிறார். குதிரைச் சேணம் செய்யும் ஒருவர், தம் குழந்தைகளில் ஒன்றைத் தவிர மற்றெல்லோரையும் புதைத்துவிட்டு, மனைவியோடு பூட்டிய வீட்டுக்குள் இருந்தார். தாங்கள் பிழைப்போம் என்ற ஆசையை இருவரும் விட்டுவிட்டார்கள். எஞ்சிய அந்தச் சிசுவையாவது காப்பாற்ற எண்ணி, உடுதுணி ஒன்றுமில்லாமல் வெற்றுடம்பாக ஒரு நண்பர் கையில் கொடுத்தார்கள். அவர் அதற்குப் புதுத்துணி உடுத்தி கிரீனிச்சுக்குக் கொண்டுபோனார். தொற்று வீட்டுக் குழந்தையை ஊருக்குள் கொண்டுவந்துவிட்டான் என்று புகார் எழுந்தது. விசாரித்த பீப்ஸும் உடனிருந்த பெரியவர்களும் கதையைக் கேட்டபின், குழந்தை ஊரிலேயே இருக்கட்டும் என்று தீர்ப்பளித்தார்கள். கதவைத் திரும்பச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த அவ்விருவரின் மறுநாட் காலையைப் பற்றி நாட்குறிப்பில் ஒன்றும் இல்லை.

இதைப் படிக்குந்தோறும் நம் பக்கத்து அம்மை வீட்டின் நினைவு எனக்கு வருகிறது. அங்கும் ஒதுக்கம் உண்டு. வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டால் அயலார் உள்ளே வரமாட்டார்கள், அடுப்பில் தாளிப்புச் சத்தம் கேளாது, தலைக்குத் தண்ணீர் விடும் நாள்வரை நோயாளி வெளியே தலைகாட்டமாட்டார். ஆனால் கொப்புளத்துக்கு ‘முத்து’ என்று பெயர், வந்திருப்பவள் ஆத்தா, படுத்திருப்பவரை ஏன் வந்தது என்று எவரும் கேட்பதில்லை. இவ்வழக்கத்தால் நோய் தீர்ந்தது என்று நான் வாதிக்கவில்லை. பெரியம்மையை ஒழித்தது அம்மைப்பால் குத்தியதுதான். நான் சொல்வது வேறு: கதவு அடைபட்டிருந்தது என்பது ஒன்று, அடைபட்ட கதவுக்கு ஊர் என்ன பெயர் வைத்தது என்பது மற்றொன்று, உள்ளிருப்பவர் மனத்தைப் பெரிதும் வாட்டுவது இரண்டாவதுதான்.

2020-இல் எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். அதற்கு அதிகாரம் தந்த சட்டங்களுள் ஒன்று, பம்பாய்ப் பிளேக்கின்போது 1897-இல் இயற்றப்பட்டது என்பதை அப்போது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. மாடியிலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கும்; பால் பாக்கெட்டை வைத்துவிட்டு நாங்கள் நகர்ந்துவிடுவோம். தகரத்தைப் பிடுங்கிப் பல நாள் கழித்து அவ்வீட்டு அம்மாள், நிலைப்படியில் ஆணி அடித்த துளைகளை விரலால் தடவிக்கொண்டே, “காய்ச்சல் மூணு நாள்லே போயிடுச்சு சார், தகரம்தான் இன்னும் போகலை” என்றார்கள்.

ஈம் ஊரின் கதை லண்டன் கதையினின்று பிரிவது இவ்விடத்திலேதான். 1665-ஆம் ஆண்டு செப்டம்பரில், லண்டனிலிருந்து ஊர்த் தையற்காரருக்கு வந்த துணிமூட்டை ஈரமாயிருக்கக் கண்டு அதை நெருப்பின் முன் உலர்த்திய ஜார்ஜ் விக்கர்ஸ் என்னும் வேலையாள் சில நாட்களில் மாண்டார். மூட்டையில் தெள்ளுப்பூச்சி வந்திருக்கவேண்டும். குளிர்காலத்தில் தணிந்த நோய் மறு கோடையில் மூண்டெழுந்தது. ஊருக்குப் புதிதாய் வந்திருந்த இளம் பாதிரியார் வில்லியம் மாம்பெஸன். அவருக்கு முன் அவ்வூர்ப் பணியிலிருந்து, புதிய ஜெபநூலை ஏற்க மறுத்ததால் விலக்கப்பட்டு, ஊரை விட்டுப் போகாமல் தங்கியிருந்தவர் தாமஸ் ஸ்டான்லி. மதாசார விஷயத்தில் எதிரெதிரான இவ்விருவரும் 1666 ஜூன் மாதத்தில் ஒன்றுகூடி, நோய் அயலூர்களுக்குப் பரவாதிருக்க எல்லையைத் தாண்டுவதில்லை என்று ஊரை இசைய வைத்தார்கள். பூட்டும் இல்லை, காவலாளும் இல்லை. சாட்ஸ்வொர்த் மாளிகையிலிருந்து டெவன்ஷயர் பிரபு உணவு அனுப்பி உதவினார். கோயிலைச் சாத்திவிட்டு, கக்லெட் டெல்ஃப் என்னும் பள்ளத்தாக்கில், குடும்பம் குடும்பமாக எட்ட எட்ட நின்று தொழுதார்கள்.

சம்மதம் இருந்ததாலே துக்கம் இலேசாயிற்று என்று எண்ணிவிடலாகாது. அவரவர் பிணத்தை அவரவரே, கோயில் முற்றத்திலன்றித் தோட்டத்திலோ வயலிலோ புதைக்கவேண்டும் என்பது ஏற்பாடு. எலிசபெத் ஹான்காக் என்னும் பெண்மணி, அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் எட்டே நாட்களுக்குள், கணவரையும் ஆறு குழந்தைகளையும் தாமே குழிவெட்டிப் புதைத்தார். பிணத்தைத் தொட அஞ்சி, காலில் துணியைக் கட்டி இழுத்துச் சென்றார் என்பது செவிவழிச் செய்தி. எதிர்க்குன்றிலிருந்து ஸ்டோனி மிடில்டன்காரர்கள் பார்த்து நின்றார்களாம். இறங்கி வர ஒருவருக்கும் துணிவில்லை. சாவு வீட்டில் கட்டிப்பிடித்து அழ நாலு கைகள் இல்லாத துக்கம் எப்படிப்பட்டது என்பதை, ஒப்பாரி சொல்லிப் பழகிய நம்மவருக்கு விளக்கவேண்டுவதில்லை. எம்மட் சிடால் என்ற பெண்ணும் அயலூர் ரோலண்ட் டோர் என்ற இளைஞனும் பள்ளத்தாக்கின் இருபுறமும் நின்று பேச்சின்றிப் பார்த்துக்கொள்வார்கள் என்றும், ஒருநாள் முதல் அவள் வரவில்லை என்றும், தடை நீங்கியபின் அவன் ஊருள் வந்துதான் உண்மையை அறிந்தான் என்றும் சொல்வார்கள்.

இக்கதைகளில் பலவற்றை நூல்வடிவில் தந்தவர் வில்லியம் வுட் என்னும் உள்ளூர்க்காரர். அவர் நூல் வெளிவந்தது 1842-இல். ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டு இடைவெளியில் வாய்ச்சொல் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்பதை வாசகர் தாமே ஊகிக்கலாம். மாண்டவர் ஏறத்தாழ 260 பேர் என்பது வழங்கிவரும் கணக்கு. சம்மதத்திலும் ஒரு சிறு கணக்குண்டு: போக இடமிருந்தவர்களிற் சிலர் முன்னமே போய்விட்டார்கள், மாம்பெஸனே தம் இரு குழந்தைகளையும் வெளியூருக்கு அனுப்பிவிட்டார். போக்கிடமில்லாத ஏழையின் சம்மதம் எவ்வளவு தூரம் சம்மதம் என்று கேட்க எனக்குத் தோன்றுகிறது. இருந்தும், தம் பெயரை மாற்றார் கதவில் எழுதக் காணாமல், தாமே கோடு கிழித்துக்கொண்டவர்கள் அவர்கள். ஆகஸ்டுக் கடைசி ஞாயிறன்று அவ்வூரார் இன்றும் அதே பள்ளத்தாக்கில் கூடி அவர்களை நினைவுகூர்கிறார்கள்.

பாதிரியாரின் மனைவி கேதரின், குழந்தைகளோடு போக மறுத்துக் கணவரோடு தங்கி, அவ்வாகஸ்டு மாதத்திலேயே மாண்டார். ஊர் விதிக்கு விலக்காக அவ்வம்மையின் சமாதி கோயில் முற்றத்தில் இருக்கிறது. செப்டம்பர் முதல் தேதியன்று, தம்மை ஆதரித்த சர் ஜார்ஜ் சாவில் என்னும் பிரபுவுக்கு மாம்பெஸன் எழுதிய கடிதம் எஞ்சியிருக்கிறது. தாமும் சாகப்போவதாகவே எண்ணி, குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளும்படி அதில் வேண்டுகிறார். அவர் சாகவில்லை, 1709 வரை இருந்தார். நவம்பரில் நோய் ஓய்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் அவர் ஈக்ரிங் என்னும் ஊருக்குப் பாதிரியாராக மாற்றலாகிப் போனபோது, ஈம் ஊரிலிருந்து வருகிறவர் என்று கேட்டதும் அவ்வூரார் மருண்டு அவரை உள்ளே விடவில்லை. அவர்கள் பயம் தெளியும்வரை ரஃபர்டு தோட்டத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு தனியே இருந்தார்.