எம்டன் இரவும் பாட்டியின் தோடும்

'சரியான எம்டன்டா அவன்!' யாரையாவது இப்படித் திட்டியிருப்பீர்கள். அந்த வார்த்தை எப்படி வந்தது என்பதும் தெரிந்திருக்கும். 1914 செப்டம்பர் 22. இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் என்கிற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்றது. சுமார் 130 குண்டுகள். துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் டாங்க்குகள் பற்றி எரிந்தன. பட்டணம் நடுங்கிப்போனது.

ஆனால், அதே நாள் காலையில் வேறொரு கடலில் நடந்தது தெரியுமா? ஐரோப்பாவின் வட கடலில், யூ-9 என்ற ஒற்றை ஜெர்மன் நீர்மூழ்கி, மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. 1,400 பேருக்கு மேல் பலி. எம்டனையாவது கண்ணால் பார்க்க முடிந்தது. தண்ணீருக்கடியில் வருகிறவனை எப்படிப் பார்ப்பது?

ஒலியால் பார்க்கலாம் என்றார் பிரெஞ்சு விஞ்ஞானி பால் லாஞ்செவின். 1917-ல் குவார்ட்ஸ் படிகத்துக்கு மின்சாரம் கொடுத்து அதிரவைத்து, மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்பினார். அப்போது கிடைத்தது ஓர் அதிர்ச்சி. ஒலி பாய்ந்த பாதையில் இருந்த மீன்கள் செத்தன. கையை விட்டால் வலித்தது!

அந்த மீன்களைக் கொன்ற சக்தியின் தம்பிதான் இன்று ராயபுரம் நகைக்கடையிலும் திருவொற்றியூர் மெக்கானிக் ஷெட்டிலும் எவர்சில்வர் தொட்டிக்குள் 'உஸ்ஸ்ஸ்' என்று இரைந்துகொண்டிருக்கிறது. பெயர், அல்ட்ராசோனிக் கிளீனர்.

உள்ளே என்ன நடக்கிறது? விநாடிக்கு 40,000 தடவை போல தண்ணீர் அதிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் பிறக்கின்றன, அடுத்த கணமே நொறுங்குகின்றன. நொறுங்குகிற இடத்தில் ஒரு குட்டி அடி. பிரஷ் நுழையாத இண்டு இடுக்கு அழுக்கெல்லாம் கழன்றுவிடும். இதே மாதிரிக் குமிழிகள்தான் கப்பல் புரொப்பெல்லர்களை அம்மை போட்ட மாதிரி அரித்துத் தள்ளின. குமிழி நொறுங்கும் கணக்கை லார்ட் ரேலி போட்டதும் அதே 1917-ல்தான். இரும்பையே அரிக்கிற குமிழி, பாட்டியின் தோட்டுக்கு மட்டும் தயவு காட்டுமா?

கல் பதிக்காத தங்கம் என்றால் பயமில்லை. முத்து, பவளம், மரகதம், ஓப்பல்... கூடவே கூடாது. மரகதத்தின் விரிசல்களில் பெரும்பாலும் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். அது வெளியேறினால் விரிசல் பல்லிளிக்கும். பாட்டி காலத்துக் கெம்பு நகைகளில் கல்லுக்குப் பின்னே அரக்கும் தகடும் இருக்கும். சூட்டில் அரக்கு இளகும், தண்ணீர் புகுந்தால் தகடு கறுக்கும், கல்லின் ஒளி போச்சு. பசை போட்டு ஒட்டிய கற்களும் அப்படித்தான். வைர மூக்குத்தியா? கல் ஆடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

திருவொற்றியூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. 1955-லிருந்து புல்லட் உருவான ஊர் அது. பழைய புல்லட்டின் கார்புரேட்டர் ஓட்டைகளைச் சுத்தம் செய்ய இதைவிட நல்ல மெஷின் கிடையாது. ஆனால், 'தண்ணீருக்குப் பதில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினால் இன்னும் பளிச்சுனு வருமே' என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தின்னரும் வேண்டாம். சூடாகும் தொட்டி, மேலே எழும் ஆவி, பக்கத்திலேயே கரண்ட். ஒரு பொறி போதும், எம்டன் இரவு உங்கள் ஷெட்டுக்கே வந்துவிடும். பெட்ரோலை வடித்து, ரப்பர் வாஷர்களைக் கழற்றிவிட்டு, தண்ணீரும் அதற்கென்றே உள்ள சோப்புக் கரைசலும் ஊற்றுங்கள்.

பொருளைத் தொட்டியின் அடியில் போடாமல் கூடையில் வையுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டாதீர்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கொரு தடவை நிறுத்திப் பாருங்கள்.

ஓடும்போது விரலை மட்டும் உள்ளே விடாதீர்கள். லாஞ்செவினின் மீன்களுக்கு அது தெரியாது. நமக்குத் தெரியுமே!