ஒரு நாடும் இரு மீடிறன்களும்

மின்கருவி ஒன்றின் பின்புறத்தே பதிக்கப்பட்டுள்ள சிறு தகட்டை நாம் ஊன்றிப் படிப்பது அரிது. அதில் இரண்டு எண்கள் காணப்படும். ஒன்று, உவோற்று அளவிற் கூறப்படும் மின்னழுத்தம். மற்றையது, ஏட்சு அளவிற் கூறப்படும் மீடிறன். நம் இலங்கையில் அவை 230, 50 என்பன. யப்பானிய வீடுகளில் முதலாவது எண் நாடெங்கும் 100 ஆகும். இரண்டாவது எண்ணோ கிழக்கே 50, மேற்கே 60. ஓர் அரசின் கீழ் ஒரு மொழி பேசி வாழும் மக்களின் நாடு மின்சாரத்தில் மட்டும் இவ்வாறு இருகூறுபட்ட வரலாறு, அவ்விரு எண்களின் இயல்பும் தம்முள் எத்துணை வேறானவை என்பதை நன்கு புலப்படுத்தும்.

ஆடலோட்டமாவது ஒரே திசையிற் செல்லாது, முன்னும் பின்னுமாக மாறி மாறிப் பாயும் மின்னோட்டம். அதனை உந்துகின்ற தன்மையின் அளவே மின்னழுத்தம். ஒரு செக்கனில் நிகழும் முழு அலைவுகளின் எண்ணிக்கையே மீடிறன்.

இவற்றுள் மின்னழுத்தத்தை மாற்றுதல் எளிது. இரும்பு அகணி ஒன்றிற் சுற்றப்பட்ட இரு கம்பிச் சுருள்களே அதற்குப் போதும். சுற்றுக்களின் விகிதம் எதுவோ அதுவே மின்னழுத்தங்களின் விகிதமுமாகும். நிலைமாற்றி எனப்படும் இக்கருவியில் அசையும் உறுப்பு ஒன்றேனும் இல்லை. இதனாற் பெறும் பயனோ பெரிது. மின்னழுத்தத்தைப் பத்து மடங்காக உயர்த்தினால், அதே வலுவைக் கொண்டுசெல்லப் பத்திலொரு பங்கு ஓட்டம் போதும்; கம்பியில் வெப்பமாய் வீணாகும் வலு நூறிலொரு பங்காகக் குறையும். 1891ஆம் ஆண்டு ஜேர்மனியிலே, லௌபன் என்னும் ஊரில் ஆற்றுநீரின் விசையாற் பிறப்பித்த மின்சாரத்தை 175 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பிராங்பர்ட் கண்காட்சிக்குக் கொண்டுசென்று காட்டினர். ஆடலோட்டத்தின் வெற்றிக்கு அதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மீடிறன் அத்தகையதன்று. மின்பிறப்பாக்கியின் காந்த முனைவுகளின் தொகையும் அது சுழலும் வேகமுமே அதனை நிருணயிப்பன. இரு முனைவுடைய பொறி 50 ஏட்சுக்கு நிமிடத்தில் 3000 முறையும், 60 ஏட்சுக்கு 3600 முறையும் சுழலல் வேண்டும். நிலைமாற்றி இதனைத் தீண்டுவதேயில்லை. மேலும், ஒரே வலையமைப்பில் இணைந்த பொறிகள் யாவும் ஒரே தேரின் வடத்தைப் பற்றி இழுப்பார் போல அடியொத்தே செல்லல் வேண்டும். சுமை மிகுந்தால் எல்லாம் ஒருங்கே தளரும். மீடிறனும் எங்கணும் ஒருங்கே தாழும். மின்னழுத்தம் தெருவுக்குத் தெரு மாறலாம். மீடிறன் வலையமைப்பு முழுவதற்கும் பொதுவுடைமை.

தொடக்க காலத்தில் இதனைச் சிந்தித்தவர் சிலரே. அமெரிக்காவில் 133 ஏட்சை அண்மிய மீடிறனும் வழங்கிற்று. பிராங்பர்ட் சோதனை 40 ஏட்சில் நடந்தது. 1895இல் இயங்கத் தொடங்கிய நயாகரா நிலையம் 25 ஏட்சைக் கைக்கொண்டது. பெரும் மோட்டர்களுக்குத் தாழ்ந்த மீடிறன் உகந்தது. ஆயின் அதில் விளக்கு சிமிட்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சமரசமாகவே அமெரிக்காவில் 60உம் ஐரோப்பாவில் 50உம் நிலைபெற்றன.

யப்பான் இவ்விரு கண்டங்களிலும் பொறி வாங்கியது. 1890களின் நடுப்பகுதியில் தோக்கியோவின் மின்கம்பனி ஜேர்மனியின் ஏ.ஈ.ஜி. நிறுவனத்திடமிருந்து 50 ஏட்சுப் பொறிகளையும், ஒசாக்காவின் கம்பனி அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திடமிருந்து 60 ஏட்சுப் பொறிகளையும் வரவழைத்தன. அன்று அவ்விரு நகரங்களையும் இணைக்கும் மின்கம்பி எதுவுமில்லை. ஆதலின் எவரையும் குறைகூற இயலாது. பின்னர் இரு வலைகளும் பரந்து, பூஜி ஆற்றருகே வந்து முட்டி நின்றன.

ஒருமைப்படுத்தல் இயலாததன்று. தென் கலிபோர்னியா 1948இல் 50ஐ விட்டு 60க்கு மாறியது; மின் கடிகாரங்களைக்கூடத் திருத்த வேண்டியதாயிற்று. யப்பானிலோ, போருக்குப் பின் எழுந்த அவ்வெண்ணம் செலவின் பொருட்டுக் கைவிடப்பட்டது. 1964இல் தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய விரைவுப் புகையிரதம் வழிமுழுதும் 60 ஏட்சிலேயே ஓடுகின்றது. கிழக்குப் பகுதியில் அதற்கெனவே மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கின்றனர். 1965இல் சக்குமாவில் இரு வலைகளையும் இணைக்கும் மாற்று நிலையம் அமைந்தது. அங்கு ஆடலோட்டம் நேரோட்டமாக்கப்பட்டு, மீண்டும் மற்றை மீடிறனுடைய ஆடலோட்டமாக்கப்படும். இதன் ஆற்றல் 3 இலட்சம் கிலோவாற்று. நிலைமாற்றியின் எளிமையும் மலிவும் இங்கில்லை.

2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் திகதி நிலநடுக்கமும் கடல்கோளும் கிழக்கு யப்பானைத் தாக்கின. தோக்கியோவுக்கு மின்வழங்கும் நிலையங்கள் ஏறத்தாழ 2 கோடி கிலோவாற்று ஆற்றலை இழந்தன. மேற்கின் நிலையங்கள் பழுதின்றி நின்றன. எனினும் அன்றிருந்த மூன்று மாற்று நிலையங்களும் சேர்ந்து கொண்டுசெல்லக்கூடியது 10 இலட்சம் கிலோவாற்றே. மார்ச் 14 முதல் 28 வரை தோக்கியோவைச் சூழ்ந்த மாவட்டங்களில் முறைவைத்து மின்சாரம் நிறுத்தப்பட்டது. சில நூறு கிலோமீற்றருக்கு அப்பால் ஒசாக்காவின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

2021இல் மேலும் 9 இலட்சம் கிலோவாற்று ஆற்றலுடைய மாற்று நிலையம் அமைக்கப்பட்டு, மொத்தம் 21 இலட்சமாக உயர்ந்தது. பூஜி ஆற்றின் இருகரையிலும் மீடிறன்கள் இன்றும் 50உம் 60உமே.