வறட்சிக்காலத்தில் வீட்டு மரங்களின் பராமரிப்பு

வறட்சிக்காலத்தில் வீட்டு மரங்களின் பராமரிப்பு என்பது, மழை குறைந்த பகுதிகளில் வீட்டைச் சுற்றி வளர்ந்து முதிர்ந்த மரங்களை நீர்ப் பற்றாக்குறையினால் ஏற்படும் நலிவிலிருந்து காக்கும் முறைகளைக் குறிக்கும். தமிழ்நாட்டின் சமவெளி மாவட்டங்களில் வேம்பு, புங்கம், மா, தென்னை, நாவல், புளி முதலியன வீட்டு மரங்களாகப் பரவலாக வளர்க்கப்படுகின்றன. கன்றுக்கு நீர் ஊற்றும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. முப்பது ஆண்டு வளர்ந்த மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது பொதுவான எண்ணம். இயல்பான ஆண்டுகளில் இது பெரும்பாலும் சரியே. தொடர்ந்து மழை பொய்க்கும் ஆண்டுகளில் சரியன்று.

வறட்சியும் மரமும்

தமிழ்நாடு தன் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில் பெறுகிறது. அது தவறினால் அடுத்த கோடை முழுவதற்கும் மண்ணில் ஈரம் இராது. 2016ஆம் ஆண்டில் இப்பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் ஏறக்குறைய வறண்டன.

நீர் குறையும்போது மரம் முதலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. இதனால் நீர் இழப்புக் குறையும். ஆனால் இலை உணவு தயாரிப்பதும் குறையும். அடுத்து இலைகளை உதிர்க்கிறது. மண் மேலும் காய்ந்தால் நுண்வேர்கள் மடிகின்றன. தண்டின் நீர்க்குழாய்களில் காற்று புகுந்து நீரோட்டம் அறுபடுகிறது. இந்நிலையில் மரம் சேமித்துவைத்த உணவைக் கொண்டே உயிர் வாழும். அச்சேமிப்புக் கரைந்த பின்னர், மா மரத்தைத் தாக்கும் தண்டுத் துளைப்பான் போன்ற பூச்சிகளும் பூஞ்சைகளும் எளிதில் பற்றுகின்றன. ஆகவே பெரிய மரம் வறட்சி ஆண்டிலேயே பட்டுப்போவது குறைவு. நல்ல மழை பெய்த பிறகு, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துப் பட்டுப்போவதும் உண்டு. அப்போது உண்மையான காரணம் மறந்துபோயிருக்கும்.

வேர்கள் இருக்கும் இடம்

மரத்தின் வேர் அதன் உயரத்திற்கு ஆழமாக இறங்குகிறது என்னும் கருத்துப் பரவலானது. வேம்பு, புளி போன்றவற்றின் சில வேர்கள் ஆழமாகச் செல்வது உண்மையே. எனினும் நீரையும் சத்தையும் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 60 செ.மீ ஆழத்திற்குள்ளேயே உள்ளது. இவை கிளைப்பரப்பின் விளிம்பைத் தாண்டியும் வெகுதொலைவு பரவுகின்றன. அடிமரத்தை ஒட்டிய வேர்கள் தடித்தவை. மரத்தைத் தாங்குவதே அவற்றின் முதன்மையான வேலை. எனவே அடிமரத்தில் ஊற்றும் நீரால் பயன் குறைவு. அங்குத் தொடர்ந்து ஈரம் தங்கினால் பட்டை அழுகவும் கூடும்.

நீர் பாய்ச்சுதல்

கிளைப்பரப்பின் ஆரம் 4 மீட்டர் உள்ள ஒரு மா மரத்தின் கீழ் ஏறத்தாழ 50 சதுர மீட்டர் நிலம் உள்ளது. காய்ந்த செம்மண்ணில் 30 செ.மீ ஆழம் வரை ஈரம் இறங்கச் சுமார் 40 மி.மீ மழைக்கு ஒப்பான நீர் வேண்டும். அதாவது 2,000 லிட்டர். அதே நிலத்தில் நாள்தோறும் தெளிக்கும் 15 லிட்டர் வாளி நீர் 0.3 மி.மீ மழைக்கே சமம். அது வேரை அடையுமுன் ஆவியாகிவிடும். அன்றாடம் சிறிது ஊற்றுவதைவிட, இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ஆழமாக நனைப்பதே மரத்திற்குப் பயன்படும்.

குடிநீருக்கே லாரியை எதிர்பார்க்கும் வீட்டில் 2,000 லிட்டர் நீரை மரத்திற்கு ஒதுக்குவது இயலாது. அந்த அளவு தேவையும் இல்லை. வேர்ப்பரப்பின் ஒரு பகுதி நன்கு நனைந்தாலும் மரம் அதைக்கொண்டு உயிரைத் தக்கவைத்துக்கொள்ளும். கிளை விளிம்பை ஒட்டி, வேர் அறுபடாதவாறு ஒரு சாண் ஆழத்திற்கும் குறைவான வாய்க்கால் அமைத்து, அதில் கால்வட்டத்தை ஒருமுறையும் அடுத்த கால்வட்டத்தை மறுமுறையும் நிரப்பலாம். மாலையில் பாய்ச்சுவது நல்லது. கரிசல் மண் நீரை மெதுவாகவே உள்வாங்கும். அதில் ஒரே நேரத்தில் கொட்டாமல் விட்டுவிட்டுப் பாய்ச்ச வேண்டும். மணற்பாங்கான மண்ணில் நீர் விரைவில் இறங்கிவிடுவதால் அளவைக் குறைத்து, இடைவெளியையும் குறைக்க வேண்டும். மறுநாள் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்தினால் ஈரம் உள்ள ஆழம் வரை அது எளிதில் இறங்கும்.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் கட்டிடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 25 மி.மீ மழை பெய்தால் 2,300 லிட்டருக்கும் மேலான நீர் விழுகிறது. கோடைமழையின்போது இந்நீரின் ஒரு பகுதியை மரத்தின் வாய்க்காலுக்குத் திருப்பினால், மேலே கணக்கிட்ட முழு நனைப்பும் ஒரே மழையில் கிடைத்துவிடும்.

கொல்லைப்புறத்தில் குளியல் நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் தென்னைக்கும் வாழைக்கும் விடுவது பழைய வழக்கம். சலவைத்தூள் கலந்த நீரில் சோடியம் மிகுதியாக இருப்பதால் அதைத் தனியே பிரித்துவிடுவது நல்லது. உவர்ப்பான ஆழ்குழாய்க் கிணற்று நீரினாலும் இதே தீங்கு நேரும்; மாவிலையின் விளிம்பு கருகுவது இதன் அடையாளங்களுள் ஒன்று. இவ்விலைகளைக் கண்டு நீர் போதவில்லை என எண்ணி அதே நீரை மேலும் பாய்ச்சுவோர் உண்டு.

மூடாக்கு

உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிப்பதற்குப் பதிலாக, அவற்றை 5 முதல் 10 செ.மீ கனத்திற்கு வேர்ப்பரப்பின் மேல் பரப்புவது மூடாக்கு எனப்படும். இது மண்ணின் சூட்டையும் ஆவியாதலையும் குறைக்கும். அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். வறட்சிக்காலப் பணிகளுள் செலவில்லாததும், மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவதும் இதுவே.

தென்னை

தென்னைக்கு ஆணிவேர் இல்லை. அடியிலிருந்து கிளம்பும் சல்லிவேர்களில் பெரும்பாலானவை 2 மீட்டர் சுற்றுக்குள் இருப்பதால், மற்ற மரங்களுக்கு மாறாக, 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியே இதற்கு ஏற்றது. தேங்காய் மட்டை தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். மட்டைகளைப் பாத்தியின் மேல் மூடாக்காக அடுக்கும்போது குவிந்த பக்கம் மேல்நோக்கியும், குழியில் புதைக்கும்போது குழிந்த பக்கம் மேல்நோக்கியும் இருக்க வேண்டும். மேலே அடுக்குவது ஆவியாதலைத் தடுக்க. புதைப்பது நீரை ஏந்திவைக்க.

தென்னையில் பாளை உருவாகிக் காய் முற்ற மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆவதால், ஒரு வறட்சியின் விளைவு அடுத்தடுத்த ஆண்டுகளின் காய்ப்பிலும் தெரியும். காய்ப்புக் குறைந்ததென்று அவசரப்பட்டு மரத்தை அகற்றுவது தவறு. அடித்தண்டில் செம்பழுப்பு நீர் கசிந்தால் அது வேறு. தஞ்சாவூர் வாடல் நோய் எனப்படும் அப்பூஞ்சை நோய் மணற்பாங்கான நிலங்களில் கோடையில் தீவிரமாகும்.

தளமிடுதலும் கிளை வெட்டுதலும்

வீட்டு மரங்களுக்கு நேரும் தீங்குகளில் பல, மழை பொய்ப்பதற்கு முன்பே மனிதரால் தொடங்கி வைக்கப்பட்டவை. குப்பை சேராதிருக்க முற்றம் முழுவதும் சிமெண்ட் தளம் இடும்போது வேருக்கு நீரும் காற்றும் ஒருசேர நின்றுவிடுகின்றன. சுற்றுச்சுவருக்கும் குழாய்க்கும் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்க வேர்கள் முற்றிலும் அறுபடுகின்றன. 2013 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தில்லியின் பொது இடங்களிலுள்ள மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருந்த கான்கிரீட்டை அகற்ற ஆணையிட்டது. முதிர்ந்த மரத்திற்கு ஒரு மீட்டர் மிகக் குறைவு; வீட்டு முற்றத்தில் அதுகூடப் பெரும்பாலும் விடப்படுவதில்லை.

கோடையில் மரத்தை மொட்டையடித்தால் நீர்த்தேவை குறையும் என்பது பிழையான எண்ணம். சேமித்த உணவின் ஒரு பகுதி கிளைகளோடு போய்விடும். எஞ்சியதைச் செலவிட்டு மரம் புதுத் தளிர்களை விட வேண்டியிருக்கும். நிழலிலிருந்த பட்டை வெயிலில் வெடிக்கும். காய்ந்த, முறிந்த கிளைகளை மட்டும் நீக்கலாம். தழைச்சத்து உரங்களும் இக்காலத்தில் கூடா.

பட்ட மரமா எனக் கண்டறிதல்

வேம்பு மாசி, பங்குனியில் இலை உதிர்ப்பது இயல்பு. 2021ஆம் ஆண்டிலும் அதனையொட்டிய ஆண்டுகளிலும் தெலங்கானாவிலும் தமிழ்நாட்டின் சில பகுதிகளிலும் வேப்ப மரங்கள் நுனியிலிருந்து கருகி, முழுமையாகக் காய்ந்தவைபோல் தோன்றின. பூஞ்சையினால் வரும் நுனிக்கருகல் நோயும் தேயிலைக் கொசு எனப்படும் பூச்சியும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. இவற்றுள் பல மரங்கள் கோடையில் மீண்டும் துளிர்த்தன. இலையில்லா மரத்தை வெட்டுமுன், பல கிளைகளில் பட்டையை நகத்தால் சிறிது சுரண்டிப் பார்க்க வேண்டும். உட்புறம் பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் அக்கிளைக்கு உயிர் உண்டு. ஒரு பருவமழை வரையேனும் காத்திருப்பது தகும்.

ஆனால் அடிமரத்தில் காளான் முளைத்தல், தட்டினால் பொள்ளல் ஒலி எழுதல், மரம் புதிதாக ஒரு பக்கம் சாய்தல், அடியில் மண் பிளந்து எழும்புதல் ஆகியவை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் சென்னையில் பல்லாயிரம் மரங்கள் சாய்ந்தன. வறட்சியில் வேர் மடிந்த மரமும் மண் நனைந்து காற்று வீசும்போதுதான் விழும் என்பதால், இச்சோதனைகளை ஐப்பசி பிறக்குமுன் செய்து முடிப்பது வழக்கமாக வேண்டும்.