மரம் துளைத்த வரலாறு – 12
மூன்று குடும்பங்கள் ஒன்றான கதை

1855 மார்ச் மாதம். போர்னியோ தீவின் சரவாக் பகுதியில், சாடோங் ஆற்றுக்கு அருகே சிமுன்ஜோன் என்ற இடத்தில் புதிதாக ஒரு நிலக்கரிச் சுரங்கம் திறக்கப்பட்டிருந்தது. சுரங்கத்திலிருந்து ஆறுவரை இரண்டு மைல் நீளத்துக்குத் தண்டவாளப் பாதை போட வேண்டும். அதற்காகச் சீனத் தொழிலாளர்களும் டயாக் பழங்குடியினரும் பெரிய பெரிய மரங்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் பூச்சிவலையோடு அங்கே வந்து சேர்ந்தது அப்போதுதான்.

அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் அவர் சேர்த்திருந்த வண்டு வகைகள் 320. சிமுன்ஜோனில் இரண்டு வாரம் முடிவதற்குள் அந்த எண்ணிக்கை இரட்டிப்பானது. ஒரே நாளில் 76 வகைகள் கிடைத்தன. அவற்றில் 34 அவர் அதுவரை பார்த்திராதவை. கொண்டுவரும் ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு சென்ட் தருவதாகத் தொழிலாளர்களிடம் சொல்லிவைத்திருந்தார். போர்னியோவில் அவர் சேர்த்த வண்டுகள் ஏறத்தாழ 2,000 வகை. ஒரு சதுர மைலை ஒட்டிய அந்தச் சிறு பரப்பில்தான் அவற்றில் மிகப் பெரும்பாலானவை கிடைத்தன. நீள்கொம்பு வண்டுகள் மட்டுமே 300 வகைக்கு அருகில்; பத்தில் ஒன்பது பங்கு அறிவியலுக்குப் புதியவை.

காரணம் வெட்டுண்ட மரங்கள்தான். நீள்கொம்பு வண்டுகளில் பெரும்பாலானவற்றின் புழுக்கள் மரத்தைத் துளைத்து, அதைத் தின்றே வளர்கின்றன. சாய்ந்து கிடக்கும் மரத்தின் வாசனையை முகர்ந்து தாய் வண்டுகள் தேடி வரும். பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும். உயர்ந்த மரங்களின் உச்சியில் மனிதக் கண்ணுக்கு எட்டாமல் வாழ்ந்தவையெல்லாம் சிமுன்ஜோனில் தரைக்கு இறங்கி வந்தன. அவற்றைப் பிடித்துக்கொடுத்த தொழிலாளர்களின் பெயர்கள் நமக்குத் தெரியவில்லை. இந்த வரலாற்றில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

லண்டனில் ஒரு பட்டியல்

வண்டுகள் கப்பலேறி இங்கிலாந்து போயின. கடற்படையில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் பாஸ்கோ அவற்றை வரிசைப்படுத்தும் வேலையை ஏற்றுக்கொண்டார். 1864 முதல் 1869 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய ‘லாங்கிகார்னியா மலயானா’ சுமார் 700 பக்கம் கொண்ட பெரும் பட்டியல். மலாய்த் தீவுக்கூட்டம் முழுவதும் வாலஸ் திரட்டிய நீள்கொம்பு வண்டுகளை அதில் அவர் மூன்று குடும்பங்களாகப் பிரித்தார்: லாமியிடே, செராம்பிசிடே, பிரையோனிடே.

இந்த மூன்று பெயர்களின் வேர்களும் முந்தைய நூற்றாண்டின் கொடை. 1758-ல் லின்னேயஸ் செராம்பிக்ஸ் என்ற பேரினத்தை வகுத்தார். 1762-ல் பிரெஞ்சுக்காரர் ஜெஃப்ராய் பிரையோனஸைத் தனியாக்கினார். 1775-ல் டென்மார்க்கின் ஃபப்ரிசியஸ் லாமியாவைச் சேர்த்தார். ஃபப்ரிசியஸின் மேசைக்கு நம் கடற்கரையிலிருந்தும் பூச்சிகள் போய்ச் சேர்ந்தன. லின்னேயஸிடம் படித்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-ல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். செடிகளோடு பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிவந்தார்.

மூன்றையும் பிரித்தறியப் பழைய அறிஞர்கள் கண்ட அடையாளங்கள் இன்றும் பயன்படுகின்றன. லாமியா வகையின் முகம் செங்குத்தாகக் கீழ்நோக்கி இருக்கும். செராம்பிக்ஸ் வகையின் தலை முன்நோக்கி நீண்டிருக்கும். பிரையோனஸ் வகையில் கழுத்துப் பட்டையின் இரு பக்கமும் விளிம்பு கட்டியிருக்கும். பலவற்றில் அந்த விளிம்பில் பற்கள் துருத்தி நிற்கும். நம் மாமரத்தைத் துளைக்கும் வண்டு முதல் வகை. முந்திரியின் தண்டையும் வேரையும் துளைப்பது இரண்டாம் வகை. அமேசான் காட்டில் 16 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும் டைட்டானஸ் மூன்றாம் வகை.

உறவு என்ற கேள்வி

சிமுன்ஜோனுக்கு வருவதற்கு முந்தைய மாதம்தான் சரவாக்கில் இருந்தபடி வாலஸ் ஒரு கட்டுரை எழுதி முடித்திருந்தார். ஒவ்வொரு சிற்றினமும் தனக்கு நெருங்கிய முந்தைய சிற்றினம் ஒன்று வாழ்ந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றுகிறது என்று அதில் வாதிட்டார். உயிர்களின் இயல்பான வரிசையைக் கிளைவிட்டுப் படர்ந்த மரமாகக் காட்டுவதே பொருத்தம் என்றும் சொன்னார். அதன்பின் வகைப்பாட்டின் வேலையே மாறிவிட்டது. எது எதைப் போல இருக்கிறது என்பது போதாது. எது எதற்குச் சொந்தம் என்று சொல்ல வேண்டும்.

இங்கே கொம்பு போதிய சான்றாகவில்லை. உணர்கொம்பு மணம் அறியும் உறுப்பு. பல வகைகளில் ஆணுக்கு அது உடலைவிட நீளம். பெண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க உதவுகிறது. வாழும் முறை ஒத்திருந்தால் தூரத்துச் சொந்தங்களிலும் தோற்றம் ஒத்துப்போகலாம். அதனால் ஆய்வாளர்கள் மரத்துக்குள் ஒளிந்திருந்த புழுவை வெளியே எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அதன் தலை அகலமா நீளமா, கால் உண்டா இல்லையா, வாயுறுப்பு எப்படி அமைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றையும் ஒப்பிட்டார்கள். லாமியா வகைப் புழுவின் தலை நீண்டது. கால்கள் பெரும்பாலும் இல்லை. பிரையோனஸ் வகைப் புழுவுக்குச் சிறிய கால்கள் உண்டு.

முதிர்ந்த வண்டின் உடலமைப்பும் புழுவின் உடலமைப்பும் சேர்ந்து புதிய தீர்ப்பைத் தந்தன. பாஸ்கோவின் மூன்று குடும்பங்களும் இன்று செராம்பிசிடே என்ற ஒரே குடும்பத்தின் துணைக்குடும்பங்கள். மறுபுறம், அதற்குள் வைக்கப்பட்டிருந்த வெஸ்பெரிடே, டிஸ்டெனிடே, ஆக்சிபெல்டிடே ஆகியவற்றைப் பல ஆய்வாளர்கள் தனிக் குடும்பங்களாகக் கொள்கிறார்கள். செக் நாட்டின் ஷ்வாகாவும் ஆஸ்திரேலியாவின் லாரன்ஸும் 2014-ல் எழுதிய விரிவான தொகுப்பு இந்தப் பார்வைக்கு வலுச்சேர்த்தது.

நம் பங்கில் மீதி இருப்பது

இந்திய நீள்கொம்பு வண்டுகளுக்கு 1906-ல் சார்லஸ் கஹான் எழுதிய நூல் இன்றும் அடிப்படை. ஆனால் குடும்பத்திலேயே மிகப்பெரிய பிரிவான லாமியினே (பாஸ்கோவின் லாமியிடே) அந்த நூலில் சேரவில்லை. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட 35,000-க்கும் மேற்பட்ட நீள்கொம்பு வண்டுகளில் பாதிக்கு மேல் அந்தப் பிரிவைச் சேர்ந்தவை. இந்தியாவில் 1,500-க்கும் மேற்பட்ட வகைகள் பட்டியலில் ஏறியிருக்கின்றன. பல வகைகளின் புழு எந்த மரத்தில் வளர்கிறது என்ற குறிப்புகூட இல்லை.

அந்தக் குறிப்பைத் தரக்கூடியவை காட்டில் கிடக்கும் பட்ட மரங்களே. விறகென்றும் குப்பையென்றும் அவற்றை முழுக்க அகற்றிவிட்டால், பெயர் வைக்கும் முன்பே பல வகைகளை இழந்துவிடுவோம். காட்டில் விழுந்த மரத்தைக் காட்டுக்கே விட்டுவைப்போம்.

(தொடரும்)