பேரண்ட் கொடுத்த ஃபீல்டுக்குக் காவல் யாரு?

இன்னைக்கு ஒரு சின்ன கேள்வியோட வரலாறு. பேரண்ட் கிளாஸ்ல இருக்கிற ஒரு ஃபீல்டு, இன்ஹெரிட்டன்ஸ் வழியா சைல்ட் கிளாஸுக்கு வந்துடுது. அதுல சரியான மதிப்புதான் இருக்கான்னு பார்க்குற பொறுப்பு யாருக்கு?

கதை நார்வேல ஆரம்பிக்குது. ஆஸ்லோவுல ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நியூகார்டும் உருவாக்கின சிமுலா 67 மொழியிலதான் கிளாஸும் சப்கிளாஸும் முதல்ல வந்தன. பேரண்டோட ஃபீல்டு அப்படியே கீழே இறங்கும். ஆனா அந்த ஃபீல்டுக்கான விதி புரோகிராமரோட தலைக்குள்ளயே தங்கிடுச்சு.

அதுல என்ன ஆபத்து? 'வங்கிக் கணக்கு'ன்னு ஒரு கிளாஸ். இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. அதுலேருந்து 'ஓவர்டிராஃப்ட் கணக்கு'ன்னு ஒரு சைல்ட் எழுதுறீங்க. இருப்பு மைனஸ் 5,000 ஆகுது. சைல்டுக்கு அது சரிதான். ஆனா வட்டி போடுற பழைய கோடுக்கு பேரண்டை மட்டும்தான் தெரியும். எந்த எர்ரரும் காட்டாம தப்பான வட்டி போட்டுட்டுப் போயிடும்.

1980கள்ல பெர்ட்ரண்ட் மேயர் தன்னோட ஐஃபெல் மொழியில இந்த விதியை கிளாஸுக்குள்ளேயே எழுத வெச்சார். அதுக்குப் பேர் இன்வேரியன்ட். பேரண்டோட இன்வேரியன்ட் சைல்டுக்கும் தானா வந்துடும். சைல்ட் புதுசா விதி சேர்க்கலாம்; பழைய விதியை எடுக்க முடியாது. 1987ல பார்பரா லிஸ்கோவ் ஒரு மாநாட்டு உரையில இன்னொரு பக்கத்தைச் சொன்னார்: பேரண்ட் இருக்கிற இடத்துல சைல்டை வெச்சாலும், அதைப் பயன்படுத்துற புரோகிராமோட நடத்தை மாறக் கூடாது.

இதெல்லாம் வெறும் தியரின்னு தோணுதா? 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவோட கூரூ ஏவுதளம். ஏரியன் 5 ராக்கெட்டோட முதல் பயணம். கிளம்பி 40 செகண்டுக்குள்ள வழி தவறி வெடிச்சு சிதறுது. ஏரியன் 4லேருந்து எடுத்த கோடு, கிடைமட்ட வேகத்தோட தொடர்புள்ள ஒரு 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள்ள திணிக்கப் பார்த்துச்சு. பழைய ராக்கெட்ல அந்த எண் அவ்வளவு பெருசா வராது, புதுசுல வந்துச்சு. இது ஏடா மொழில எழுதின கோடு, கிளாஸ் இன்ஹெரிட்டன்ஸ் இல்ல. ஆனா நோய் அதேதான்: கோடு வந்துச்சு, அதோட நிபந்தனை கூட வரல. அடுத்த வருஷமே மேயரும் ஜான்-மார்க் ஜெஸெகெலும் இதையே சுட்டிக்காட்டி ஒரு கட்டுரை எழுதினாங்க.

அதனால ஃபீல்டை பிரைவேட்டா வைங்க. சோதனையை பேரண்ட்லயே எழுதுங்க. சைல்ட் அந்த வாசல் வழியாவே வரட்டும். விதியை மாத்தியே ஆகணும்னா, அது உண்மையிலேயே சைல்டுதானான்னு முதல்ல கேளுங்க.